பொது இயந்திரத்துக்கும் முறை வையுங்கள்



தை பிறந்தால் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் சம்பா வயல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறுவடைக்கு வருகின்றன. ஈரம் காயாத வயலில் இறங்கும் பெல்ட் வண்டிக்கு எல்லோரும் அலைகிறோம். வாடகையும் ஏறுகிறது. "நாமே சேர்ந்து ஒரு இயந்திரம் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசு 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு. அத்தகைய 5 குழுக்கள், அதாவது 100 பேர் சேர்ந்தால் உழவர் உற்பத்தியாளர் குழு. பொதுவாக இயந்திரம் வாங்க ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி என்பது அப்போதைய திட்டம். ஆளுக்கு ரூ.5,000 என்று பிரித்தால் யாராலும் இயந்திரம் வாங்க முடியாது. சேர்த்து வைத்தால் முடியும்.

ஆனால் பணம் மட்டும் போதாது. பொது இயந்திரம் முடங்குவதற்குக் காரணங்கள் இரண்டு: முதலில் யாருக்கு என்ற சண்டை, பழுதானால் யார் செலவு என்ற சண்டை. இரண்டையும் வாங்கும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

எதை வாங்குவது? எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும் இயந்திரத்தைப் பகிர்வது கடினம். ரகம் வேறாக இருந்தாலும் இது மாறாது. ஆகஸ்ட் 20இல் விதைத்த 155 நாள் ரகமும், செப்டம்பர் 20இல் விதைத்த 125 நாள் ரகமும் ஜனவரி 22, 23இல்தான் அறுவடைக்கு வரும். எனவே பவர் டில்லர், ரோட்டவேட்டர், களையெடுக்கும் கருவி, விசைத் தெளிப்பான் போன்ற, பல மாதம் வேலை தரும் கருவிகளை முதலில் வாங்குங்கள். அறுவடை இயந்திரத்தை வாடகைக்கே எடுங்கள். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒன்றாகப் பேசி எடுத்தால் வண்டி அங்கும் இங்கும் ஓடும் நேரம் மிச்சமாகும். விதைக்கும்போதே தேதியைக் குழுவாகத் தள்ளித் தள்ளி வைத்தால் நெருக்கடி இன்னும் குறையும்.

யாருக்கு முதலில்? வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது நமக்குப் புதிதல்ல. அதே பழக்கம் இயந்திரத்துக்கும் வேண்டும். முறையைப் பருவம் தொடங்கும் முன் நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். இந்த ஆண்டு கடைசியில் வந்தவருக்கு அடுத்த ஆண்டு முதல் முறை. தலைவரின் வயலுக்கும் இதே விதி.

வாடகை எவ்வளவு? உறுப்பினருக்கு இலவசம் என்று ஒருபோதும் வைக்காதீர்கள். உதாரணமாக, ரூ.1,20,000 மதிப்புள்ள கருவி ஆண்டுக்கு 150 மணி நேரம் வீதம் 8 ஆண்டு உழைத்தால் மொத்தம் 1,200 மணி நேரம். தேய்மானம் மட்டுமே மணிக்கு ரூ.100. டீசல், ஓட்டுநர் கூலி, பழுதுச் செலவு தனி. இவற்றுக்குக் குறையாமல் வாடகை வைத்து, குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். வெளியாருக்குச் சற்றுக் கூடுதலாக விடலாம்.

உழவன் செயலி, வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலி ஆகியவை இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவையும் பயன்படும். ஆனால் மழை மிரட்டும் நாளில் அடுத்த வயல்காரரோடு செய்த ஒப்பந்தம்தான் முதலில் கைகொடுக்கும்.

உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, அதன் கருவிகள் எங்கே நிற்கின்றன என்று வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் கருவி இருந்தால், புதிது வாங்கும் முன் அதை ஓட வையுங்கள்.