மூடிய அறை, 40 டிகிரி சூடு, 90 நிமிடம்... ஹாட் யோகா முதல் வகுப்புக்குப் போகலாமா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரம் பக்கம் கார் கண்ணாடியை இறக்கினால் கோழிப்பண்ணைக் காற்று முகத்தில் அடிக்கும். சித்திரை, வைகாசி என்றால் அந்தக் காற்றும் கொதிக்கும். இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலை அறிவிப்பை ராசிபலனைவிடக் கவனமாகப் படிப்பவர்கள் இவர்கள். ‘வெப்ப அயற்சி’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே வேலை ஆரம்பித்துவிடும். கொட்டகைக் கூரைக்குத் தென்னங்கீற்று, மேலே தண்ணீர்த் தெளிப்பு, குடிதண்ணீரில் வைட்டமின் சி, உச்சி வெயிலில் தீவனம் கிடையாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் உள்சூட்டை வெளியேற்றும். அது போதாமல் போனால் அவ்வளவுதான்.

இப்படி ஓர் ஊரிலிருந்து கிளம்பி, தை மாதத்தில் கனடாவின் டொரன்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. காலையில் ஒரு பிபி மாத்திரை. ஊரில் மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்ட எளியமுறை உடற்பயிற்சியை விடாமல் செய்கிறவர். அங்கே வெளியே பனி கொட்டுகிறது. மூன்று வாரமாக வீடு, சோபா, டிவி. பார்த்துப் பார்த்து மனசு கேட்காத மகள் ஒரு நாள், “அம்மா, நாளைக்கு நீயும் என்கூட ஹாட் யோகாவுக்கு வா. உனக்கும் சேர்த்துக் காசு கட்டிட்டேன்” என்கிறாள்.

“சூடா? அக்கினி நட்சத்திரத்துல அடுப்பு முன்னாடி நின்னவ கண்ணு நானு. இதென்ன பெரிய சூடு!”

டொரன்டோ என்றில்லை, லண்டன், சிட்னி என்று எந்த ஊரிலும், ஏன், நம் பெருநகரங்களிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். அந்த அம்மா சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், ஹாட் யோகா என்றால் என்ன? ஹீட்டர் போட்டுச் சூடேற்றிய, மூடிய அறையில் செய்யும் யோகா. இதில் பல வகைகள் உண்டு. சில இடங்களில் 32 டிகிரி செல்சியஸ் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மூலமான ‘பிக்ரம் யோகா’வின் கணக்கு கொஞ்சம் கடுமையானது. அறையின் சூடு சுமார் 40.5 டிகிரி, ஈரப்பதம் 40 சதவிகிதம், நேரம் 90 நிமிடம். 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் அதே வரிசையில். சென்னையோ சிகாகோவோ, வரிசை மாறாது. சுவர் நிறையக் கண்ணாடி, காலடியில் மேட், அதன் மேல் ஒரு துண்டு. பத்தாவது நிமிடத்தில் அந்தத் துண்டைப் பிழியலாம்.

இது நம் முன்னோர் காலத்து ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதன் வயது சுமார் ஐம்பதுதான். கொல்கத்தாவில் 1944-ல் பிறந்த பிக்ரம் சவுத்ரி, அங்கே உடற்பயிற்சி ஆசானாகப் புகழ்பெற்ற பிஷ்ணு கோஷிடம் படித்தவர். ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பிதான் இந்த பிஷ்ணு கோஷ். பிக்ரம் சொல்லிவந்த கதைப்படி, ஜப்பானில் வகுப்பு எடுத்தபோது குளிர் தாங்காமல் அறைக்கு ஹீட்டர் வைத்தாராம். மாணவர்களுக்கு உடம்பு நன்றாக வளைந்ததாம். 1970-களில் அமெரிக்காவுக்குப் போனார். ஹாலிவுட் பிரபலங்கள் வர ஆரம்பித்தார்கள். பிறகு உலகம் முழுக்கக் கிளைகள், சொகுசு கார்கள், பணம்.

அந்த 26 ஆசன வரிசைக்குக் காப்புரிமையும் கேட்டார். ஆசனங்களுக்கு ஆள் ஆளுக்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று இந்திய அரசே நூற்றுக்கணக்கான ஆசனங்களைப் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் பதிவுசெய்து வைத்தது அந்தக் காலத்தில்தான். கடைசியில் 2015-ல், ‘உடல்நலத்துக்கான ஒரு செயல்முறைக்குக் காப்புரிமை கிடையாது’ என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

அதைவிடப் பெரிய வழக்குகள் வேறு. அவரிடம் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பெண்கள் சிலர் பாலியல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். அவரிடம் சட்ட ஆலோசகராக வேலை பார்த்த பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. பிக்ரம் அமெரிக்காவைவிட்டே போய்விட்டார். 2017-ல் அவருக்குக் கைது வாரன்ட் வந்தது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் இதை ஆவணப்படமாகவே வெளியிட்டது. பெரும்பாலான ஸ்டூடியோக்கள் அவர் பெயரைக் கழற்றிவிட்டு ‘ஹாட் யோகா’ என்று மட்டும் போர்டு மாட்டிக்கொண்டன.

முதல் நாள் வகுப்புக்குப் போகும் அம்மாவுக்கு இந்தப் பழங்கதை எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அவருடைய வகுப்புகளில் சில கண்டிப்பான வழக்கங்கள் உண்டு. முதல் சில ஆசனங்கள் முடியும்வரை தண்ணீரைத் தொடாதே. என்ன ஆனாலும் அறையைவிட்டு வெளியே போகாதே. தலை சுற்றினால் மேட்டிலேயே உட்கார். ஆள் போய்விட்டாலும் அந்தப் பழக்கத்தின் வாசனை சில இடங்களில் இன்னும் மிச்சம் இருக்கலாம். குரு சொன்னால் மறுபேச்சு பேசக் கூடாது என்று வளர்ந்த நம் ஊர் அம்மாக்களுக்கு அது எவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, ‘பாவம் புள்ள காசு கட்டியிருக்கு’ என்ற எண்ணம் வேறு.

சரி, சூட்டுக்கு வருவோம். புதுச்சத்திரம் வெயில் 40 டிகிரி, அந்த அறையும் 40 டிகிரி. இரண்டும் ஒன்றுதானே? இல்லை.

நாமக்கல், சேலம் சமவெளியின் மதிய வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அப்படிக் காய்வதுதான் உடம்பைக் குளிர்விக்கிறது. வியர்ப்பது மட்டும் குளிர்விக்காது, வியர்வை ஆவியாக வேண்டும். காற்றோட்டம் இல்லாத அறையில் முப்பது பேர் மூச்சுவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட நிற்கும்போது ஈரப்பதம் ஏறிக்கொண்டே போகும். வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே விழும். அதனால் பயன் குறைவு. 40.5 டிகிரி சூடும் 40 சதவிகித ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது ஐம்பதை ஒட்டிய சூடாகத்தான் தெரியும். பண்ணைக்காரரைக் கேளுங்கள், வெறும் வெயிலைவிடப் புழுக்கத்துக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவார்.

இன்னொன்று, ஊரில் வெயில் ஏறினால் நிழலுக்குப் போய்விடுகிறோம். சித்திரை மதியம் 1 மணிக்கு யாரும் வெட்டவெளியில் நின்று ஒற்றைக் காலில் தவம் செய்வதில்லை.

வெயிலுக்கு உடம்பு பழகும் என்பது உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் சூட்டில் உழைத்தால் சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும். ஆனால், அந்தப் பழக்கம் நிரந்தரமில்லை. சில வாரம் குளிரில் இருந்தால் போய்விடும். மூன்று வாரம் டொரன்டோ வீட்டுக்குள் இருந்த அம்மாவின் உடம்பு, அக்கினி நட்சத்திரத்தை ஏற்கெனவே மறந்திருக்கும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சில் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிக்ரம் வகுப்புக்குப் போனவர்களை உள்சூட்டை அளக்கும் மாத்திரை ஒன்றை விழுங்கவைத்து 90 நிமிடமும் கண்காணித்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், யோகா பழகியவர்கள். அப்படியும் சிலருக்கு உள்சூடு 39.4 டிகிரியைத் தாண்டியது. ஒருவருக்கு 40 டிகிரியைத் தொட்டது. நம் வீட்டில் ஒரு குழந்தைக்கு அந்த அளவு ஜுரம் வந்தால் என்ன செய்வோம்? வகுப்பை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம், அறையின் சூட்டையும் குறைக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் யோசனை.

“ஆனா நல்லா எடை குறையுதாமே?” எடை இயந்திரத்தில் குறையும், வாஸ்தவம். அது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், 90 நிமிட வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330 கலோரியும்தான் செலவானது. அதே நேரம் கைவீசி வேகமாக நடந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு செலவாகும். ‘வியர்வையில் உடம்புக் கழிவெல்லாம் போய்விடும்’ என்பதும் விளம்பர வசனம். வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்ற சிறுநீரகமும் கல்லீரலும் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கின்றன.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 40 முதல் 60 வயதுக்காரர்களைப் பிரித்து, ஒரு குழுவைச் சூடான அறையிலும் இன்னொரு குழுவைச் சாதாரண அறையிலும் அதே 26 ஆசனங்களை 12 வாரம் செய்யவைத்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் திறன் இரண்டு குழுவிலுமே கூடியிருந்தது. பலன் ஆசனத்தில் இருந்தது. ஹீட்டருக்கு அதில் தனியாக வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் ஹாட் யோகாவே வேண்டாமா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் நாட்டில் விறைத்துப்போன முதுகுக்கும் தோளுக்கும் அந்தச் சூடு இதமாக இருக்கும். பிடித்துப் போகிறவர்கள் ஏராளம். ஆரோக்கியமான இருபத்தைந்து வயது மகள் தாராளமாகப் போகட்டும். அவளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சூட்டில் தசை இளகி, வழக்கத்தைவிட அதிகமாக வளையும். வலி உடனே தெரியாது. முட்டியும் தொடைத் தசையும் மறுநாள் காலையில்தான் கணக்குக் கேட்கும்.

அம்மா கதை வேறு. பிபி மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் போகவைத்து ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. சில, இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. இரண்டுமே சூட்டைச் சமாளிக்கும் உடம்பின் வேலையில் குறுக்கே நிற்கும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிய, குனிந்து நிமிரும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். இன்சுலின் போடுபவர்கள், இதய நோயாளிகள், ஏற்கெனவே ஒருமுறை வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், மனநலத்துக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் கேட்கவே வேண்டாம், போகவும் வேண்டாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் ஹாட் யோகாவைத் தவிர்க்கச் சொல்லித் தெளிவாகவே அறிவுறுத்துகிறது.

டாக்டர் சரி என்றுவிட்டார், போகத்தான் போகிறோம் என்றால்? முதல் நாளே 90 நிமிட வகுப்பு வேண்டாம். சூடு குறைவான ஒரு மணி நேர வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பண்ணைக்காரர் உச்சி வெயிலில் தீவனத்தை நிறுத்துவதும் இதே கணக்குதான். செரிமானமும் ஒரு சூடு. அதற்காக வெறும் வயிற்றிலும் போகக் கூடாது. தண்ணீரை ஒரேயடியாக லிட்டர் லிட்டராகக் குடிக்காமல், காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். முடிந்ததும் உப்புப் போட்ட மோர் போதும் (பிபிக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்). டொரன்டோவில் தயிர் கிடைக்காமலா போகும்?

உடை விஷயத்தில் அம்மா சங்கடப்படுவார். இறுக்கமான உடையைப் பார்த்ததும், ‘இதப் போட்டுக்கிட்டு நானா?’ என்பார். மெல்லிய, தொளதொளப்பான பருத்தி டீஷர்ட்டும் பேன்ட்டும் போதும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே மேட்டை விரிப்பது என்பது. மகள் ஆசையாக முன்வரிசைக்குக் கூப்பிடுவாள். போக வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் விரியுங்கள். வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே ஆசிரியரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: இன்றுதான் முதல் நாள், பிபி இருக்கிறது, தேவைப்பட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். ‘தாராளமாகப் போங்கள்’ என்கிற ஆசிரியர் நல்ல ஆசிரியர். ‘அதெல்லாம் பழகிவிடும், தாக்குப்பிடியுங்கள்’ என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். காசு போனால் போகட்டும்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கண் இருட்டுவது, கூட்டத்திலும் உடம்பு சில்லிடுவது, இதில் எது வந்தாலும் வெளியே போய்க் குளிர்ந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட வேண்டும். கழுத்து, அக்குளில் ஈரத்துணி வைக்கலாம். பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, அது ஆஸ்பத்திரி கேஸ். ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊரில் 108, கனடாவில் 911.

ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தப் பேச்சு முடிவதில்லை. ஏனென்றால் பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை 9 மணிக்கு மேல் சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ‘நல்லா வேர்த்தாத்தான் செஞ்ச மாதிரி இருக்குது’ என்பார்கள். அதுவும் ஹாட் யோகாதான், கட்டணம் மட்டும் இல்லை. விடிகாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் பாயை விரித்தால், ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தரையும் கொஞ்சம் காற்றும் கிடைக்கும். ஆறரைக்குள் முடித்துவிட்டுக் கீழே இறங்கினால் பால்காரர் வருவதற்கும் சரியாக இருக்கும்.