குற்றாலத்துக்கு மேலே பறக்கணுமா? எந்த ஃப்ளைட் சிமுலேட்டர் வாங்கலாம்?

தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம், கிழக்கே போனால் தூத்துக்குடி, வடக்கே மதுரை. ஆனால், விமானத்தின் மேல் ஆசை வைக்க வீட்டுப் பக்கத்தில் ஓடுபாதை இருக்க வேண்டும் என்று ஏதும் இல்லையே! தென்காசிப் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது: "பையன் பிளஸ் ஒன் படிக்கான். பைலட் ஆவணும்னு சொல்லுதான். ஃப்ளைட் சிமுலேட்டர் பழகணுமாம், அதுக்கு லட்ச ரூபாய்க்கு கம்ப்யூட்டர் கேக்கான். வாங்கிக் குடுக்கலாமா?"

லட்சத்துக்குப் போகும் முன் ஒரு ரூபாய்கூட செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன். பையன் கேட்பது அநேகமாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டராகத்தான் இருக்கும். யூடியூபில் எல்லோரும் காட்டுவது அதைத்தான்.

1982-ல் முதல் பதிப்பு வந்த பழைய பெயர் அது. 2020-ல் புது அவதாரம் எடுத்தபோது, உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்துவிட்டார்கள். அதாவது நம் தென்காசி வயல்களும் அதில் உண்டு. அடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. இதற்கு குறைந்தபட்சம் 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 50 ஜிபி இடம் வேண்டும். பையன் லட்ச ரூபாய் கேட்பது இதனால்தான்.

கம்ப்யூட்டரைவிடப் பெரிய பிரச்னை இன்டர்நெட். 2024 பதிப்பு, நிலக்காட்சிகளில் பெரும்பகுதியைப் பறக்கப் பறக்கத்தான் இறக்கிக்கொள்ளும். குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், 50 இருந்தால் நல்லது என்கிறார்கள். 10 எம்பிபிஎஸ் இடைவிடாமல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி ஆகும். தினமும் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டால், மலையைத் தாண்டும் முன்பே பேக் காலி. வெளியான அன்று கூட்டம் தாங்காமல் சர்வர் திணறி, உலகம் முழுக்கப் பலர் லோடிங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை. வீட்டில் ஃபைபர் லைன் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது ஓடாது.

இன்னொன்று. ஐந்தருவியை மேலிருந்து பார்க்கலாம் என்று ஆசையோடு போகாதீர்கள். நேர் மேலிருந்து எடுத்த படத்தில், செங்குத்தாக விழும் தண்ணீர் எப்படித் தெரியும்? காடும் பாறையும்தான் தெரியும்.

அடுத்தது, எக்ஸ்-பிளேன் 12. ஆஸ்டின் மேயர் என்ற அமெரிக்கர் 90-களில் தொடங்கியது. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று எவ்வளவு விசை கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நிலக்காட்சி மைக்ரோசாஃப்ட் அளவுக்கு அழகில்லை, உங்கள் தெருவை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், தேவையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நெட் இல்லாமலும் பறக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவச டெமோவும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் திணறுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்பதற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

அந்த இலவச வழி, ஃப்ளைட்கியர். 90-களிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிவரும் மென்பொருள். முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து கேம் மாதிரி இருக்கும், மெனுக்களும் குழப்பும். ஆனால், செஸ்னா 172 விமானத்தை முறைப்படி ஸ்டார்ட் செய்து, ஏற்றி, இறக்கப் பழக இது போதும். வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் கிராஃபிக்ஸைக் குறைத்து வைத்து முயன்று பாருங்கள். ஓடாவிட்டால் நஷ்டம் கொஞ்சம் டேட்டா மட்டுமே.

ஆக, அந்த அம்மாவுக்கு நான் சொன்னது: முதல் மூன்று மாதம் ஃப்ளைட்கியர். அதன் பிறகும் பையன் சளைக்காமல் உட்கார்ந்தால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஜாய்ஸ்டிக். அதற்கப்புறம் எக்ஸ்-பிளேன் டெமோ. ஊரை மேலிருந்து சுற்றிப் பார்க்க வீட்டில் எல்லோருக்குமே ஆசை, ஃபைபரும் இருக்கிறது என்றால் மைக்ரோசாஃப்ட்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. வீட்டு சிமுலேட்டரில் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் அது பைலட் லைசென்ஸ் கணக்கில் சேராது. வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ கேட்பது 200 மணி நேர விமானப் பயிற்சி. அதற்குப் பல லட்சங்கள் ஆகும். எனவே, கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் முன் டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் மெடிக்கல் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நிறக்குருடு போன்ற குறைகள் அங்கேதான் தெரியவரும். எல்லாச் செலவும் செய்த பிறகு அது தெரிந்தால், பாவம், பிள்ளை உடைந்துபோவான்.

சிமுலேட்டரில் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் மீட்டர்களையே முறைப்பது. ஆரம்பத்திலிருந்தே வெளியே பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

சரி, எதில் பறந்தாலும் முதல் பயணமாக இதைச் செய்து பாருங்கள். திருவனந்தபுரத்தில் செஸ்னாவை ஏற்றி வடகிழக்கே திருப்புங்கள். குற்றாலம் நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர்தான். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. வலப்பக்கம் நிற்கும் பொதிகையின் உயரம் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கும் மேல். 7,500 அடிக்கு ஏறிவிட்டால் பயமில்லை. சீசன் நேரத்தில் 'நிஜ வானிலை'யை ஆன் செய்தால் மலை முழுக்க மேகம் மூடி ஒன்றும் தெரியாமல் போகலாம். முதல் தடவை தெளிவான வானத்தை நீங்களே தேர்வு செய்துகொள்ளுங்கள்.

தென்காசியைத் தாண்டியதும் கிழக்கே தூத்துக்குடி, சுமார் 80 கிலோமீட்டர். அங்கே ஓடுபாதை 10 கிட்டத்தட்ட நேர் எதிரில் வரும், பெரிதாகத் திருப்பவே வேண்டாம். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தபோது ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. உங்கள் சிமுலேட்டரில் அது இன்னும் பழைய 1,350 மீட்டராகவே இருந்தாலும் கவலை வேண்டாம். செஸ்னாவுக்கு அதுவே தாராளம்.