8 மாத ஜிம்மும் 1500 மீட்டரும்

போன வாரம் பேருந்து நிலையத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் குச்சி மாதிரி இருந்தவன். இப்போது சட்டைக் கை பிதுங்குகிறது. "என்னப்பா, போலீஸ் செலக்‌ஷன் என்ன ஆச்சு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

எழுத்துத் தேர்வில் பாஸ். உயரம் 170 செ.மீ. இருக்கிறது. மார்பு 81, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்; அதுவும் சரி. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மூன்றாவது சுற்றில் நடக்க ஆரம்பித்துவிட்டானாம். கயிறு ஏறும் கட்டத்துக்கே போகவில்லை.

"8 மாசம் தினமும் ஜிம் போனேன் சார்." திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை. ஓட்டம்? "ஓடினா சதை கரைஞ்சிடும்னு மாஸ்டர் சொன்னாரு சார்."

எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை. புதிதாக வருகிற பையனிடம் "எதுக்குப்பா வர்றே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

பாடிபில்டிங்கை நான் குறை சொல்லவில்லை. அது மேடைக்கான தனிக் கலை. ஆனால் போட்டியன்று மேடையில் நிற்கும் பலர் வாரக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, உள்ளுக்குள் தளர்ந்துதான் நிற்பார்கள். தோற்றம் வேறு, தெம்பு வேறு.

ஆரம்பத்தில் உடம்பு எந்தப் பயிற்சிக்கும் இணங்கும். வாரம் 3 நாள் தண்டால், பஸ்கி, புல்-அப்ஸ், கொஞ்சம் எடை. 3 நாள் ஓட்டம். ஒழுங்காகச் சாப்பிட்டால் சதையும் ஏறும், மூச்சும் நிற்கும். அளவான ஓட்டத்தில் சதை கரையாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, சுண்டல் இருக்கிறது. முதல் மாதமே பவுடர் டப்பா எதற்கு? ஒரு வருடம் இப்படிப் போகட்டும். அப்புறமும் மேடை ஆசை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

(நடப்பதோடு சரி என்றிருக்கும் என் வயதுக்காரர்களே, சிரிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட நடையோடு 2 நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. நாம் பாதிதான் செய்கிறோம்.)

அவனுக்கு வயது வரம்பு தாண்ட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நாளை காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் கணக்கு வாத்தியார்தான். ஆனால் ஸ்டாப் வாட்ச் பார்க்கத் தெரியும்.