ஒப்புக்கொண்டால் சிலுவைத் துணி... மறுத்தால் தீ!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பெரியாழ்வார் கதை தெரியாதவர்கள் குறைவு. பாண்டிய மன்னன் அவையில் சமய வாதம் செய்து அவர் பொற்கிழி வென்றார் என்கிறது வைணவ மரபு. வாதத்தில் தோற்ற சமணர்கள் மதுரையில் கழுவேற்றப்பட்டதாகச் சொல்கிறது பெரியபுராணம். ஐரோப்பாவிலோ, மாற்றுக் கருத்து உள்ளவர்களை விசாரிக்கத் தனி மன்றமே இருந்தது. அதன் பெயர் இன்குவிசிஷன்.

தண்டனையை எப்படி முடிவு செய்தார்கள்?

போப் ஒன்பதாம் கிரிகோரி 1231-ல் இதற்கான விசாரணையாளர்களை நியமிக்கத் தொடங்கினார். விசாரணையாளர் ஊருக்கு வந்ததும் சில வாரங்கள் அவகாசம் தருவார். அதற்குள் தானாக வந்து ஒப்புக்கொண்டால் புனித யாத்திரை, நோன்பு போன்ற லேசான தண்டனையோடு போய்விடும். பிறகு பிடிபட்டு மனம் திரும்பினால், சட்டையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாட வேண்டும், அல்லது சிறை. சொத்தும் பறிபோகலாம்.

கடைசி வரை மறுத்தவர்களும், மன்னிப்பு பெற்றபின் பழைய நம்பிக்கைக்கே திரும்பியவர்களும் அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். திருச்சபை ரத்தம் சிந்தக்கூடாது என்பது விதி. அதனால் எரிக்கும் வேலையை அரசு செய்தது.

ஆக, என்ன குற்றம் என்பதைவிட ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பதே தண்டனையைத் தீர்மானித்தது. சாட்சி சொன்னவர் யார் என்பதையும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். செய்யாத தப்பை 'செய்யவில்லை' என்று உண்மை சொன்னவருக்குத்தான் ஆபத்து அதிகம்!

கோவாவுக்கும் வந்தது

போர்ச்சுகீசியர்கள் 1560-ல் இந்த மன்றத்தைக் கோவாவில் அமைத்தார்கள். இந்திய மூலிகைகள் பற்றி 1563-ல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1568-ல் இறந்தார். ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியதாக அவரது சகோதரி கத்தரீனா 1569-ல் எரிக்கப்பட்டார். 1580-ல் ஓர்ட்டாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். இறந்தவருக்கும் தண்டனை உண்டு.

டாமனில் 1673-ல் கைதான பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் டெல்லோனுக்கு 1676-ல்தான் தீர்ப்பு வந்தது: சொத்து பறிமுதல், இந்தியாவிலிருந்து வெளியேற்றம், 5 ஆண்டு கடின உழைப்பு. மறு ஆண்டே விடுதலையான அவர், நடந்ததையெல்லாம் 1687-ல் நூலாக வெளியிட்டார்.

சென்னையில் ஒரு கைது

கோவா மன்றத்தின் கை சென்னை வரை நீண்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்தவர்களுக்கு ஊழியம் செய்துவந்தார் பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ராயிம் தெ நெவேர். 1649-ல் அவர் சாந்தோமில் பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவரும் கத்தோலிக்கர்தான்! கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லா சாந்தோமை நெருக்கிய பிறகுதான் விடுதலை கிடைத்தது. கேட்க ஆள் இருந்ததால் தப்பினார். கேட்க நாதியற்றவர்கள் நிலை?

கோவா மன்றம் 1812-ல் ஒழிந்தது. இன்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 20-வது பிரிவு. இந்த இரண்டு வரிகளும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர்ட்டா குடும்பமே சாட்சி.