செட் சேராது

பதினொரு வருடம் மிருதங்கம் கற்று மேடையேறியவள் நான். ஒரு டிசம்பரில் சபா செயலாளர் ஒருவர் என் வாசிப்பை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வாசிப்பு நல்லா இருக்கும்மா. ஆனா அவர் கச்சேரிக்கு செட் சேராது. தம்பூரா போட வர்றியா?”

எது சேராது? சுருதியா? என்னிடம் ஒரு கட்டைக்கு ஒன்று, ஐந்து கட்டைக்கு ஒன்று என இரண்டு மிருதங்கங்கள் இருக்கின்றன. தாளமா? அதைத்தான் அவர் கேட்டுத் தலையாட்டினாரே. சேராதது பாடகரின் வலப்பக்கத்தில் புடவை கட்டிய ஓர் உடம்பு உட்காருவது. பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டினால் அதே உடம்பு சேர்ந்துவிடுகிறது!

இதை மரபு என்கிறார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே மேடையில் மிருதங்கம் வாசித்தவர். அவர் மரபில்லையா? பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்க மறுத்தார், பிறகு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். மிருதங்கத்தின் மானம் ஒன்றும் போய்விடவில்லை. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், தன்னோடு மேடையில் உட்கார மிருதங்க வித்வான்கள் மறுத்த கதையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விநாயக்ராமின் சிஷ்யைக்கே அந்த நிலை. அவர் அழுது மூலையில் உட்காரவில்லை, ஆறேழு கடங்களை வரிசையாக வைத்து, தானே முதன்மைக் கலைஞராகக் கச்சேரி செய்தார்.

கையில் கனமில்லை என்பது அடுத்த சாக்கு. மாவாட்டும்போதும் தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் இந்தக் கனக்குறைவு யார் கண்ணிலும் படுவதில்லை. (அந்த வாத்தியத்துக்குத் தோல் பதமாக்கி வார் பிடித்துத் தருகிறவர்களையும் மேடைக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறோம். ‘சேராது’ பட்டியல் நீளம்.)

விருதுக் கணக்கும் இப்படித்தான். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கிடைத்தது, பெண்களில் அவர்தான் முதல். வயலின் வாசிக்கும் பெண் அதைப் பெற 2016 வரை, கன்யாகுமரி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மிருதங்கம் வாசிக்கும் பெண் ஒருவருக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆண்களைத் திட்டுவது எளிது. எனக்கு அதிகம் வலிப்பது பாடகிகள். தங்கள் அம்மாக்களும் பாட்டிகளும் எந்த வித்வான் வாசிக்க வருவாரோ என்று காத்துக் கிடந்ததை மேடையில் உருக்கமாகப் பேசுகிறார்கள். சபா “யார் மிருதங்கம்?” என்று கேட்டதும் ஆண் பெயரைச் சொல்கிறார்கள். பெரிய வித்வான் வலப்பக்கம் இருந்தால் தங்கள் மதிப்பு கூடும் என்ற கணக்கு. சந்தையில் அது சரியான கணக்குதான் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சந்தையில் வாடகை கட்ட முடியாமல் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகப் போன மிருதங்கக்காரிகளையும் எனக்குத் தெரியும்.

மார்ச் 8 வந்தால் எங்களுக்கெல்லாம் போன் வரும். மகளிர் குழு, மகளிர் லயம், பொன்னாடை, ஒரு மரக்கன்று. சன்மானம் பற்றிப் பேச்சே இருக்காது.

அக்கா, பாடுகிற அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை சபாவில் கேட்கும்போது ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள். மகளிர் தினத்துக்கு வேண்டாம். டிசம்பரில், மாலைக் கச்சேரிக்கு.