காற்றில் இருக்கும் சூடு



போன மார்கழியில் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு ஓய்வு கொடுத்தோம். அதன் இடத்தில் ஒரு வெப்ப பம்ப் வந்தது. "நெருப்பே இல்லாம தண்ணி எப்படிக் கண்ணு சுடும்?" என்று அம்மா கேட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அவர் கையை வைக்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. வெப்ப பம்போ வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளுகிறது.

நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் அவ்வளவையும் மின்சாரத்தில்தான் எடுக்கும். வெப்ப பம்புக்கு 1 யூனிட் அளவே போதும், மிச்சம் காற்றிலிருந்து வருகிறது. பனி கொட்டும் நாடுகளிலேயே இதை வைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். நம் ஊர்க் காற்றுக்கு இது இன்னும் எளிது.

தொடக்கத்தில் சிரமப்பட்டோம். படிக்கட்டுக்கு அடியில், கதவு வைத்த சிறு அறையில் பொருத்திவிட்டார்கள். எந்திரம் விடும் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் அதே அறையில் சுற்றியது. தண்ணீர் சுடவே இல்லை. மொட்டை மாடிக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. போர்வெல் உப்புத் தண்ணியை விட்டால் உள்ளே உப்புப் படியும் என்பதால் நல்ல தண்ணிக் குழாயோடு இணைத்தோம். விருந்தாளிகள் வந்து தொட்டி காலியானால் மறுபடி சுட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வாங்க நினைப்பவர்கள் இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மாடியில் அந்த எந்திரத்தின் பக்கத்தில் நின்றால் சாயப்பட்டறைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. நம் ஊர் வெந்நீரில் பிழைக்கும் ஊர். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற 60 டிகிரி, சாயமிட்ட பின் சோப்பு அலசலுக்கு 90 டிகிரிக்கு மேல். அத்தனைக்கும் பாய்லரில் விறகு எரிகிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். நொய்யல் ஆற்றுக்குச் சொட்டுக் கழிவும் போகக்கூடாது என்றானபின், உப்புக் கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. சில பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கிளம்பும் ஆவியையே அழுத்திச் சூடேற்றி, அதைக் கொண்டே அடுத்த தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள். அதுவும் வெப்ப பம்பின் வேலைதான். 1850களில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் இதை முதன்முதலில் செய்து பார்த்ததும் உப்பு காய்ச்சத்தான். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

எல்லாப் பாய்லரையும் நாளைக்கே அணைக்க முடியாது. நீராவி கேட்கும் வேலைகள் இருக்கின்றன. ஆனால் பாய்லருக்குள் போகும் தண்ணீரை வெப்ப பம்பால் முன்கூட்டியே 60 டிகிரிக்குச் சூடாக்கிக் கொடுத்தால் அந்த அளவுக்கு விறகு மிஞ்சும். உங்கள் பட்டறையிலோ வீட்டிலோ இதைச் செய்து பார்த்திருந்தால், மின்கட்டண ரசீதும் விறகுக் கணக்குமாக எங்களுக்கு எழுதுங்கள். சரிவராமல் போயிருந்தாலும் எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்