அப்பாவுக்கும் லீவு வேண்டும்

ஸ்பிரிங்வெளி உறவுகளே,

நோர்வேயில் அப்பாமார் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவும் வீடியோக்களை நாம் பகிர்கிறோம். கீழேயே "அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்குச் சரிவராது" என்றும் எழுதுகிறோம்.

பழக்கமல்ல, சட்டம்! தாய்க்கு மட்டும் இருந்த பிரசவ லீவை சுவீடன் 1974இல் தாய், தகப்பன் இருவருக்கும் பொதுவாக்கியது. அப்போதும் பெரும்பாலும் தாய்மாரே எடுத்தார்கள். நோர்வே 1993இல் நான்கு கிழமையை அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே இல்லை. சில வருடங்களிலேயே பெரும்பாலான அப்பாமார் எடுக்கத் தொடங்கினார்கள்.

இங்கே? தாய்க்கு 84 நாள். அரச ஊழியரான தகப்பனுக்கு 3 நாள். தோட்டத் தொழிலாளியான தகப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. லீவு முடிந்தால் பிள்ளை மடுவத்துக்கு, தாய் மலைக்கு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகும் பிள்ளை அவள் இடுப்பில்தான்.

"அது காசுள்ள நாடு" என்று தப்பிக்க வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்டக் காசு வேண்டுமா? பெற்றார் கூட்டத்துக்கு வரக் காசு வேண்டுமா? ஆசிரியர்களாகிய நாங்கள் அங்கே காண்பது அம்மாமாரையும் உம்மாமாரையும்தான். வாப்பாமார் எங்கே?

வோட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் ரோடும் கூரைத் தகரமும் கேட்கிறோம். இனி தகப்பனுக்கு லீவும் கேட்போம். சட்டம் வரும்வரை காத்திருக்காமல், பிள்ளையைத் தூக்குவதை இன்றைக்கே தொடங்குவோம்.